உள்ளே போட்ட உப்பு

சீனி இளக ஆரம்பித்த பிறகுதான் எப்சிபாய்க்கு அந்தச் சந்தேகம் வந்தது. உள்ளே போட வேண்டிய உப்பைப் போட்டோமா? வெண்ணெய் உருகினதும் ஒரு சின்னக் கரண்டிப் பொடியுப்பு, அதன்மேல் சீனி, சீனி நிறம் மாறினதும் வறுத்த கடலை, தட்டில் ஊற்றிப் பரப்பின பிறகு மேலாகத் தூவ நுணுக்கின கல்லுப்பு. இதுதான் வரிசை. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதே வரிசையில்தான் செய்கிறாள். வெண்ணெய் உருகினது ஞாபகம் இருக்கிறது. சட்டி ஓரத்தில் நுரை கட்டினதும், அதை மரக்கரண்டியால் நடுவுக்குத் தள்ளிவிட்டதும் கண்ணிலேயே நிற்கிறது. சீனியைக் கொட்டினதும் ஞாபகம் இருக்கிறது, டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கட்டியை விரலால் தட்டிவிட்டாள். இரண்டுக்கும் நடுவில்தான் காலிங்பெல் அடித்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன். அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனாள். அவன் ஓடிபி கேட்டான், ஓடிபி அவள் வீட்டுக்காரர் போனுக்குத்தான் வரும், அவர் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கண்ணாடி இல்லாமல் நின்றுகொண்டு ஒரு தடவை தப்பாகப் படித்துச் சொல்லி, மறுபடி கூப்பிட்டுச் சரியாகச் சொல்லி, அதற்குள் சிலிண்டர்காரன் இரண்டு பெருமூச்சு விட்டுவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் வெண்ணெய் லேசாகச் சிவந்திருந்தது. அவசரமாகச் சீனியைக் கொட்டினாள். அப்படியானால் உப்பு? பெல் அடிப்பதற்கு முந்தியா, பிந்தியா, இல்லவே இல்லையா? உப்பு டப்பா திறந்துதான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் முதலிலேயே திறந்து வைத்துக்கொள்வது அவள் வழக்கம். கரண்டி உப்புக்குள் கிடக்கிறது. போட்டிருந்தாலும் அங்கேதான் கிடக்கும், போடாவிட்டாலும் அங்கேதான் கிடக்கும். உப்பின் நடுவில் ஒரு பள்ளம். அது இன்றைக்கு எடுத்த பள்ளமா, நேற்றுக் குழம்புக்கு எடுத்த பள்ளமா என்று பள்ளத்தைப் பார்த்து யார் சொல்ல முடியும்.

மற்றவர்கள் என்றால் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள், பழக்கத்தில் கை போய்விட்டது. மரக்கரண்டி நுனியை ஊதி ஆற்றி நாக்கில் வைத்தாள். சூடு தெரிந்தது. வழவழப்புத் தெரிந்தது. அவ்வளவுதான். சுடுதண்ணீரில் ஊறின துணியை வாயில் வைத்த மாதிரி. அவளுக்கு மூக்கும் நாக்கும் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்டோபரில் ஒரு சளிக்காய்ச்சல், ஒரு வாரம் படுத்தாள், எழுந்தாள், காய்ச்சல் போனது, கூடவே இதுவும் போனது. அது தெரிந்த அன்றைக்குப் பால் அடுப்பில் இருந்தது, அவள் பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் ஞானசிகாமணி எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். சட்டியின் அடி கன்னங்கரேலென்று இருந்தது, அடுக்களை முழுக்கப் புகை. பக்கத்துலதான நிக்க, என்று மட்டும் கேட்டார். ஏதோ யோசனை, என்றாள். அவர் அதோடு விட்டுவிட்டார். எதையும் அதோடு விட்டுவிடுகிற மனுஷன். அவருக்குப் பிரஷர் வந்த பிறகு வீட்டில் உப்பைக் குறைத்தாகிவிட்டது, உறைப்பைக் குறைத்தாகிவிட்டது, எதை வைத்தாலும் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுவார். அதனால் பிழைத்தாள். கரண்டிக் கணக்கில் சமைத்தாள். இத்தனை அரிசிக்கு இத்தனை, இத்தனை பருப்புக்கு இத்தனை என்று கை அதுபாட்டுக்குப் போட்டது. தினம் குளிக்கிறபோது சோப்பை மோந்து பார்ப்பாள், ஒன்றும் வராது. தரை துடைக்க வருகிற மாடத்தி ஒருநாள் இருமிக்கொண்டே, என்னக்கா பினாயிலை இம்புட்டு ஊத்தியிருக்கிய, கண்ணு எரியுது, என்றாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஈ வருதுன்னு ஊத்தினேன், என்று சொன்னாள். பொய் சொல்லுவது இவ்வளவு சுலபம் என்று அறுபதை நெருங்குகிறபோதுதான் தெரிந்தது.

சட்டியில் சீனி ஓரத்திலிருந்து கரைந்து வந்தது. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஒரு பக்கம் கருகும். உப்பு இல்லாத மிட்டாய் வெறும் சீனிக்கட்டி. பெட்டிக்கடையில் வாங்கித் தின்கிற கடலைமிட்டாய்கூட அதைவிட மேல். இந்த மிட்டாய்க்குப் பேரே உப்பு மிட்டாய். அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் எல்லா வீட்டுத் தட்டிலும் இருக்கும், இது எப்சிபாய் வீட்டுத் தட்டில் மட்டும்தான். வாயில் போட்டதும் மேலுப்பு முதலில் வரும், பிறகு சீனியின் இனிப்பு, கடிக்கிறபோது கடலை, எல்லாம் கரைந்துபோன பிறகு அடியில் கிடக்கிற உள்ளுப்பு மெதுவாக வந்து இன்னொன்று எடு என்று சொல்லும். அதுதான் சூட்சுமம், உள்ளுப்பில்தான் இருக்கிறது. பாதிரியாரின் மனைவி, சர்ச் ஐயரம்மா, போன வருஷம் அந்தத் தட்டை வாங்கும்போதே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், வாசலில் நின்றபடியே. தெருக்கோடி நூர்ஜஹான் பீவி வீட்டில் பிள்ளைகள் சண்டை போடும் என்று இரண்டு பொட்டலமாகவே கேட்பாள். எதிர்வீட்டுச் சண்முகவடிவு தீபாவளிக்குத் தட்டு நிறையக் கொடுத்தனுப்பினாள், அந்தத் தட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது. இன்றைக்குச் சாயங்காலம் கேரல் பாடுகிற கூட்டம் வரும், அதுகளுக்கும் ஆளுக்கு இரண்டு. எல்லாரும் ஒரே நாக்கோடு காத்திருக்கிற மாதிரி இருந்தது. போடவில்லை, என்று முடிவு செய்தாள். நிச்சயமாகப் போடவில்லை. வெண்ணெய் அவ்வளவு சிவந்திருந்தபோது அவசரத்தில் சீனியைத்தான் கொட்டியிருக்கிறாள், உப்பை யோசித்திருக்க முடியாது. கரண்டியை எடுத்து, நிரப்பி, தலைதட்டி, சட்டியில் போட்டாள். போடும்போதே கையில் ஏதோ ஒன்று, இப்போதுதானே செய்தேன் என்கிற மாதிரி ஒரு பழகின உணர்ச்சி ஓடியது. இப்போதுதான் செய்த உணர்ச்சியா, இத்தனை வருஷமாகச் செய்த உணர்ச்சியா? கை இரண்டையும் வேறுவேறாகப் பிரித்து வைத்துக்கொள்வதில்லை.

நிறம் மாறத் தொடங்கியது. இந்த இடத்தில்தான் எப்போதும் மூக்கு வேலை செய்யும். கண்ணுக்கு எல்லாம் ஒரே தேன்நிறமாகத் தெரியும், மூக்குதான் இப்போ, இப்போ, இன்னும் இல்லை, இப்போ என்று சொல்லும். அவள் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தாள். சூடான காற்று உள்ளே போனது, காற்றாகவே போனது. ஜன்னல் பக்கம் சட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டாள், வெளிச்சம் விழும்படி. கடுங்காப்பி நிறம் என்று மனதில் ஒரு நிறத்தை வைத்துக்கொண்டாள், ஆனால் சட்டியின் உள்பக்கம் கறுப்பு, அதில் எதுவும் கடுங்காப்பியாகத்தான் தெரியும். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்திருந்தாள். ஒரு சொட்டு விட்டாள், உருண்டு அடியில் தங்கியது, எடுத்து அழுத்தினால் நசுங்கியது. இன்னும் இல்லை. அடுத்த சொட்டு நூலாக இழுத்தது. அதற்கடுத்தது தண்ணீரில் விழும்போதே டிக்கென்று ஒரு சத்தம். அதை எடுத்து ஒடித்தாள், கண்ணாடி மாதிரி ஒடிந்தது. சத்தமும் விரலும் இருக்கிறவரை சமாளிக்கலாம். கடலையைக் கொட்டி, சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டு, பொங்கினதைக் கிண்டி, எண்ணெய் தடவின தட்டில் ஊற்றினாள். கரண்டியின் பின்பக்கத்தால் பரத்தி, நுணுக்கின கல்லுப்பை உயரத்திலிருந்து தூவினாள். மேலுப்பு கண்ணுக்குத் தெரியும், அதில் பயமில்லை. இப்போது கத்தியால் கோடு போட வேண்டும், ஆறிவிட்டால் கோணல்மாணலாக உடையும். கோடு போட்டாள். கோடு நேராகத்தான் வந்தது. கை நடுங்குகிறதா என்று பார்த்தாள், நடுங்கவில்லை. அம்மாவுக்கும் கை நடுங்கினதில்லை.

அம்மாவுக்குக் கடைசிவரை கை நடுங்கவில்லை, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகக் கையெழுத்துப் போடுவாள், யாருடைய பேர் என்று மட்டும் தெரியாது. அந்த நினைப்பு வரக் கூடாது என்று அவள் கத்தியைக் கழுவினாள், துடைத்தாள், மாட்டினாள். வந்துவிட்டது. இந்த மிட்டாய் அம்மாவுடையது, போர்டிங் ஸ்கூலில் சமையல் பார்த்த ஒரு வார்டனம்மாவிடம் கற்றுக்கொண்டது. அம்மா கடைசியாகச் செய்த வருஷம் அதை யாரும் ருசி பார்க்கவில்லை, அம்மா செய்வதை ருசி பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும். பொட்டலம் கட்டி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. பண்டிகை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஒரு பெண், உங்க வீட்டு மிட்டாய் உப்பளத்துலேருந்து வந்துச்சோ, என்று கேட்டுச் சிரித்தாள், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதை ஒரு வேடிக்கையாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அம்மா சாவியை அரிசிப் பானையில் போட்டாள். அதற்குப் பிறகு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள், டீச்சர் வேலையிலிருந்து ரிட்டயராகி எத்தனையோ வருஷம் கழித்து. நரம்பு டாக்டர் முன்னால் எப்சிபாயும் தங்கச்சி பியூலாவும் அம்மாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டுப் பேனாவை மூடும்போது, இதுக்கெல்லாம் முந்தி அம்மாவுக்கு வாசனை தெரியாமப் போயிருந்துச்சா, சில பேருக்கு அதுதான் முதல்ல வரும், என்று சாதாரணமாகக் கேட்டார். அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவனிக்கல டாக்டர், என்றாள் எப்சிபாய். அவர் தலையாட்டிவிட்டு மருந்து எழுதினார். அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துபோனது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பால் கருகின அன்றைக்கு அது மறுபடி எழுந்து வந்து அடுக்களையில் உட்கார்ந்துகொண்டது.

காய்ச்சலில் எத்தனையோ பேருக்கு வாசனை போகிறது. போய்த் திரும்ப வருகிறது. பேப்பரில் போட்டிருந்தான், மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருஷம்கூட ஆகும் என்று. அவளுக்கு அதுதான். காய்ச்சல் வந்தது, அதனால் போனது, கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் உப்புப் போட்டது மறந்ததே, அது எந்தக் கணக்கில்? காலிங்பெல் அடித்தால் யாருக்கும்தான் மறக்கும். பியூலாவுக்கு மறக்காதா, ஞானசிகாமணிக்கு மறக்காதா, அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடுகிறவர்தானே. அவர் தேடினால் அது சிரிப்பு. அவள் தேடினால்? அவள் ஒரு துண்டை உடைத்து எடுத்தாள். டக்கென்று நன்றாகத்தான் உடைந்தது. வாயில் போட்டாள். ஓரம் கூராக இருந்தது, மேலண்ணத்தில் குத்தியது, கடலை நொறுங்கியது, ஏதோ கரைந்து போனது. இனிப்பு எங்கேயோ பக்கத்து வீட்டில் பேசுகிற சத்தம் மாதிரி இருந்தது, இருக்கிறது என்று தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை. உப்பு அதுவும் இல்லை. ஊறுகாய்கூட வெறும் எரிச்சலாகத்தானே இருக்கிறது. எப்படியும் ஒருமுறை போட்டது நிச்சயம், இப்போது போட்டோமே. அதுவே இரண்டாவது என்றால்தான் தகராறு. அப்படியே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள், அப்புறம் ஒருநாள் சர்ச் வாசலில் யாராவது சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு என்ன செய்வாள் என்று யோசித்தபோது அந்த எண்ணத்தை அங்கேயே விட்டாள். வேறு யாரிடம் கேட்கலாம்? ஞானசிகாமணி மார்க்கெட்டிலிருந்து அப்படியே பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் வருவார். அவர் வந்தாலும் கேட்டுப் பிரயோஜனமில்லை, பிரஷர்காரர் நாக்குக்கு எல்லாமே உப்பு. நூர்ஜஹான் பீவியைக் கூப்பிட்டு, இதைத் தின்னு பாரு, உப்பு இருக்கான்னு சொல்லு, என்றால், ஏன் உங்களுக்குத் தெரியலையா என்று கேட்பாள். யாரிடம் போனாலும் அந்த ஒரு கேள்வி வாசலிலேயே நிற்கும். பியூலா மாடியில்தான் இருக்கிறாள். பியூலாவிடம் போனால் கேள்வியே இருக்காது. கேட்காமலேயே தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டு மாதமாக மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறுகிறாள்.

அம்மாவை மாடியில் வைத்துப் பார்த்தவள் பியூலா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், ஸ்கூலில் கணக்கு டீச்சர், காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு ஸ்கூலுக்குப் போவாள், பகலில் எப்சிபாய் பார்த்துக்கொள்வாள், சாயங்காலம் பியூலா. இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போனாள். எல்லாம் முடிந்த பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசினதில்லை. கோயில் விஷயம் பேசுவார்கள், விலைவாசி பேசுவார்கள், எப்சிபாயின் மகன் பெங்களூரிலிருந்து எந்த ரயிலில் வருகிறான் என்று பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பியூலா கீழே சாப்பிடுவாள். இந்த இரண்டு மாதமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றும் சொன்னதில்லை. எப்சிபாய் ஒரு சின்னத் தட்டில் மூன்று துண்டு எடுத்து வைத்தாள். மூடி வைத்தாள். மறுபடி திறந்து இரண்டாகக் குறைத்தாள். படியேறும்போது முட்டி வலித்தது, அது எல்லாருக்கும் வலிக்கிற வலி, அதில் ஒரு நிம்மதி இருந்தது.

பியூலா அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாசம் இங்க வரைக்கும் வருது. இப்பத்தான் நெனச்சேன், நீ எடுத்துட்டு வருவன்னு.”

“ஒரு துண்டு தின்னு பாரு.”

“இருக்கட்டும், சாயங்காலம் டீயோட...”

“இப்பத் தின்னு.”

பியூலா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்து வாயில் போட்டாள். கடித்தாள். மென்றாள். எப்சிபாய் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தைப் பார்த்தாள், உதட்டோரத்தைப் பார்த்தாள், தொண்டை அசைவதைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெல்லுகிற முகமாகத்தான் இருந்தது. விழுங்கினாள். பக்கத்திலிருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள், அவசரமில்லாமல்.

“நல்லாருக்குக்கா” என்றாள்.

அந்தக் குரல் எப்சிபாய்க்குத் தெரியும். அது பியூலாவின் சாதாரணக் குரல் இல்லை. கொஞ்சம் மேலே எழும்பி, கடைசி எழுத்தில் மெத்தென்று இறங்குகிற குரல். அம்மா காப்பியில் சீனிக்குப் பதிலாக ரவையைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டியபோது இரண்டு பேரும் அந்தக் குரலில்தான் நல்லாருக்கும்மா என்றார்கள். ஒரு பாவாடையை இரண்டு தடவை துவைத்து, காய்வதற்குள் மூன்றாவது தடவை துவைத்தபோதும் அந்தக் குரல்தான். தனியாகக் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, ஒருத்தி தொடங்க மற்றவளுக்கும் தானாக வந்துவிட்டது. அம்மா அதைக் கேட்டு முகம் மலர்ந்து போவாள். இத்தனை நாளும் அதை ஒரு நல்ல காரியம் என்றுதான் எப்சிபாய் நினைத்திருந்தாள். கேட்கிற பக்கத்தில் நின்று கேட்டதில்லை. இந்தப் பக்கம் நின்று கேட்டால் அது ஒரு கதவை மெதுவாக, சத்தம் வராமல் சாத்துகிற மாதிரி இருந்தது.

“பியூலா.”

“என்னக்கா?”

“அம்மாட்ட சொன்ன மாதிரி எங்கிட்ட சொல்லாத.”

பியூலா செம்பைக் கீழே வைத்தாள். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். வெளியே யாரோ மாடி உயரத்துக்கு நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வயரை இழு, இன்னும் இழு, என்று சத்தம் கேட்டது.

“வாயில வைக்க முடியல” என்றாள். “உப்பு ரெட்டிப்பா விழுந்துருக்கு.”

எப்சிபாய் நாற்காலியில் உட்கார்ந்தாள். போட்டிருக்கிறோம். பெல் அடிப்பதற்கு முந்தியே போட்டிருக்கிறோம். ஏனோ முதலில் தோன்றினது நிம்மதிதான், தெரிந்துவிட்டதே என்கிற வெறும் நிம்மதி. பயம் அதன் பின்னால் மெதுவாக, தன் முறைக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி வந்தது.

“ரெண்டு தடவ போட்டுருக்கேன். போட்டது ஞாபகம் இல்ல. தொட்டுப் பாத்தா தெரியல. வாசமும் தெரியல, ருசியும் தெரியல. அக்டோபர்ல காய்ச்சல் வந்துச்சுல்லா, அதுலேருந்து.”

“தெரியும்.”

“என்னது தெரியும்?”

“இப்பிடின்னு தெரியாது. என்னமோன்னு தெரியும். ஒரு ஞாயித்துக்கெழம சாம்பார்ல புளியே இல்ல. இன்னொரு நாளு மீன் கொழம்பு, கெட்டுப்போன மீனு. அத்தான் ஒரு வாய் வச்சுட்டு ஒதுக்கி வச்சாவ, நான் வாழப்பழம் தின்னுட்டு எந்திச்சேன். நீ முழுசும் சாப்பிட்ட.”

அந்த மீன் குழம்பு எப்சிபாய்க்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் குழம்பு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தாள், நிறம் அப்படி இருந்தது. ஞானசிகாமணி ஒதுக்கி வைத்தாரா? பேப்பரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார் என்றல்லவா நினைத்தாள். அவரும் சொல்லவில்லை.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல நீ?”

பியூலா தாள்களைத் தட்டி அடுக்கினாள். அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். “கேட்டா நீ இப்ப சொன்ன மாதிரி சொல்லிருவியே. சொன்னா அப்புறம் ரெண்டு பேரும் அந்த டாக்டர் கேட்டத நெனைக்கணும். அம்மாவுக்கு வந்தது உனக்கு வருதுன்னா, நான் யாரு பெத்த பிள்ள? காலம்பற எந்திச்ச ஒடனே டீத்தூள் டப்பாவத் தெறந்து மோந்து பாக்கேன். ரெண்டு மாசமா தெனம் அதுதான் செய்யுதேன்.”

எப்சிபாய் தங்கையைப் பார்த்தாள். நரை காதோரத்தில் முழுதாக ஏறியிருந்தது. மூக்கு அம்மாவுடைய மூக்கு, நுனியில் லேசாகப் பிளந்த மாதிரி. காலையில் இருட்டில் அந்த மூக்கு ஒரு டீத்தூள் டப்பாவுக்குள் குனிகிறது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. கீழே தான் ஒருத்தி சோப்பை மோந்து பார்த்துக்கொண்டும், மேலே இவள் ஒருத்தி டப்பாவை மோந்து பார்த்துக்கொண்டும் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம் என்று மட்டும் நினைத்தாள்.

“காய்ச்சலாலயும் இருக்கலாம்ட்டி” என்றாள். பியூலாவுக்காகச் சொல்லத் தொடங்கி, சொல்லும்போது தனக்கும் அது கொஞ்சம் உண்மையாகப் பட்டது.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பண்டிகை முடிஞ்ச மறுநாளே போவோம்.”

“மூக்கு டாக்டரா, நரம்பு டாக்டரா?”

“ரெண்டு பேரையும் பாப்போம். மொதல்ல மூக்கு.”

“ஒங்க அத்தான்ட்ட யாரு சொல்ல?”

“நீ சொல்லு. அவுக மீன ஒதுக்கி வச்சவுகதான, ஒண்ணும் புதுசா இருக்காது.”

பியூலா எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கீழே வெண்ணெய் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. சீனி? இருக்கிறது. கடலை மட்டும் இன்னொரு கை வறுக்க வேண்டும். சாயங்காலம் பாட்டுக்காரர்கள் வருவதற்குள் முடித்துவிடலாம். பியூலா தன் வாழ்க்கையில் இந்த மிட்டாயைச் செய்ததில்லை, தின்றதோடு சரி, அடுப்புப் பக்கம் அம்மாவும் விட்டதில்லை அக்காவும் விட்டதில்லை. படியிறங்கும்போது எப்சிபாய் முன்னால் போனாள். அடுக்களை வாசலிலேயே பியூலா நின்று மூக்கைச் சுளித்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. பாலு ஏடு பழசாயிருக்கு. நான் எடுத்துக் கொட்டிருதேன்.”

எப்சிபாய் முதலில் செய்த மிட்டாய்த் தட்டை மேடையின் கோடிக்குத் தள்ளிவைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, கோடுகள் நேராக, மேலே உப்பு மினுங்கிக்கொண்டு. சட்டியைக் கழுவி மறுபடி வைத்தாள். வெண்ணெய் உருகியது. பியூலா உப்புக் கரண்டியைக் கையில் எடுத்து, போடுதேன், பாத்துக்கோ, என்றாள். இரண்டு பேரும் பார்க்க உப்பு விழுந்தது. பியூலா டப்பாவை மூடி மேல் தட்டில் எட்டாத இடத்தில் வைத்தாள். எப்சிபாய்க்கு அது கொஞ்சம் உறுத்தியது, அம்மாவுக்குத் தீப்பெட்டியை அந்த மாதிரித்தான் எடுத்து வைத்தார்கள். ஆனால் பியூலா எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி, சரியா, என்று கேட்டாள். அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சரி, என்றாள். சீனி விழுந்தது. கிண்ட ஆரம்பித்தாள். கைக்கு எல்லாம் தெரிந்தது, எவ்வளவு கனமாகிறது, எப்போது இளகுகிறது, அடியில் எங்கே பிடிக்கப் பார்க்கிறது. மேலே எழும்புகிற ஆவிக்குள் முகத்தை நீட்டினாள், சூடு மட்டும் வந்தது.

“இப்ப என்ன வாசம் வருது?”

“வெண்ணெய்.”

சட்டியின் ஓரத்தில் பொன்னிறம் படர்ந்தது.

“இப்ப?”

“சீனி.” பியூலா பக்கத்தில் வந்து நின்று குனிந்தாள், தோள் தோளில் பட்டது. “சீனியும் இல்ல. பழுத்த வாழப்பழம் மாதிரி. எனக்குச் சொல்லத் தெரியலக்கா.”

“தெரிஞ்ச மட்டும் சொல்லு.”

“நல்ல வாசம். வறுத்த வாசம். காப்பிக்கொட்ட கணக்கா... இன்னும் கொஞ்சம் வரட்டும்.”

எப்சிபாய் கிண்டினாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது, மூடவில்லை. பக்கத்தில் பியூலா மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது, இழுத்து நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து.

“லேசா கசப்பு வருது” என்றாள் பியூலா. “இறக்கு.”

இறக்கினாள்.